உச்சியில் ரிப்பன் வைத்த வருடம்

எங்கள் கடையில் அவருக்குப் பெயர் ஏணி அண்ணன். பராமரிப்புப் பிரிவில் வேலை. பல்பு மாற்றுவது, தள்ளுபடி விளம்பரத் துணி கட்டுவது, ஏசிக்குள் செத்துக் கிடக்கும் பல்லியை எடுப்பது என்று எதற்குக் கூப்பிட்டாலும் இடது தோளில் அலுமினிய ஏணியோடுதான் வருவார். சுமந்து சுமந்து அந்தத் தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஏணி இல்லாத நேரத்திலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார்.

பரிசுப் பொருளுக்குத் தாள் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுக்கும் மேசையில் இருந்தவள் ரிப்பன் அக்கா. அதற்கு நேர் எதிரே பில் போடும் இடத்தில் நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பதால் எனக்குப் பட்டப்பெயர் வைக்க மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று வந்து சொன்னபோது கடையே திண்டாடிப்போனது. அண்ணனுக்கும் அக்காவுக்கும் எப்படிக் கல்யாணம் நடக்கும்? அண்ணனை மாமா என்று மாற்றுவதா, அக்காவை அண்ணி என்று மாற்றுவதா என்று சாப்பாட்டு வேளையில் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் எதையும் மாற்றவில்லை. ஏணி ஏணியாகவும் ரிப்பன் ரிப்பனாகவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா அதைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

வருடக் கடைசியில் கடையின் நடுக்கூடத்தில் இரண்டு மாடி உயரத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் நிற்கும். கண்ணாடிக் குண்டுகள், மணிகள், விளக்குச் சரங்கள் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் கட்டலாம். உச்சியில் வைக்கும் நட்சத்திரத்தை மட்டும் அண்ணன்தான் வைக்க வேண்டும். அதுவும் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில். அன்றைக்கு நீள ஏணி வரும். அக்கா தன் மேசையை விட்டு எழுந்து வந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொள்வாள். அவள் பிடிக்காமல் அவர் ஒரு படி ஏறமாட்டார். பிடிக்க நாலு ஆம்பிளைகள் இருக்கும்போது அக்கா எதற்கு என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். "அவங்களுக்கு நான் விழுந்தா லீவு கிடைக்கும். இவளுக்குத்தான் நஷ்டம்" என்றார் அண்ணன். நட்சத்திரம் எரிந்ததும் நாங்கள் கை தட்டுவோம். அக்கா தட்டமாட்டாள். அவர் இறங்கும் வரை அவள் கை ஏணியிலேயே இருக்கும்.

பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது குழந்தைகள் அவளிடம் ஆயிரம் கேள்வி கேட்கும். ஏன் சில வீட்டு மரத்தில் தேவதை வைத்திருக்கிறார்கள், ஏன் இங்கே நட்சத்திரம்? அக்கா கத்தரிக்கோலை நிறுத்தாமலே பதில் சொல்வாள். பிறந்த குழந்தையைப் பார்க்கத் தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு வழி காட்டியது நட்சத்திரம். பிறந்திருக்கிறது என்று சேதி சொல்ல வந்தது தேவதை. உங்கள் வீட்டுக்கு வழி வேண்டுமா சேதி வேண்டுமா, அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்பாள். பெற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு முன்னால் வரிசை நீளும், நான் எரிச்சல்படுவேன்.

அக்காவுக்கு மறதி வந்தது அந்த மேசையில்தான். முதலில் முடிச்சு மறந்தது. ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று என்னைப் பார்ப்பாள். பிறகு ஒரு கிறிஸ்துமஸ் நேரத்தில், எள் போட்டால் கீழே விழாத கூட்டத்தில், கழிப்பறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. துணிப் பிரிவின் மூலையில், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றிருந்தாள். அண்ணன்தான் கண்டுபிடித்தார். அவளை நடுக்கூடத்துக்கு அழைத்து வந்து மேலே கை காட்டினார்.

"அதோ பாரு. வழி தெரியலன்னா பயப்படாத. நட்சத்திரம் எங்கன்னு தேடு. அதுக்குக் கீழ வந்து நில்லு. யாரு கூப்பிட்டாலும் போகாத. நான் வந்துருவேன்."

அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ போய்விட்டன, அது மட்டும் போகவில்லை. வேலையை விட்டு வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகு அண்ணன், ஒரு முனை உடைந்ததால் கடையில் ஒதுக்கிப் போட்ட பழைய நட்சத்திரத்தை வாங்கிப் போய்ப் பால்கனியில் மாட்டினார். அது இரவும் பகலும் எரிந்தது. இவர்களுக்கு மட்டும் வருடம் முழுவதும் பண்டிகை என்று தெருவே கேலி செய்தது. இரண்டு தடவை அக்கா வெளியே போய் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகவே வந்து அதன் கீழே நின்றிருக்கிறாள். அண்ணன் அதை என்னிடம் சொன்னபோது பரீட்சையில் பிள்ளை பாஸ் பண்ணியதைச் சொல்வதுபோல் இருந்தது. பகலில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொண்டாள். அண்ணன் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

அப்புறம் புது மேனேஜர் வந்தார். நட்சத்திரமெல்லாம் பழைய காலம், இப்போது எல்லாப் பெரிய கடையிலும் உச்சியில் ரிப்பன்தான் என்று கம்ப்யூட்டரில் படம் காட்டினார். ஒரு ஆள் கை விரித்த அகலத்துக்குச் சிவப்பு ரிப்பன் பூ ஒன்று பெட்டியில் வந்து இறங்கியது. அண்ணன் சண்டை போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவருக்கோ முகம் எல்லாம் சிரிப்பு. "அவளோட ரிப்பன்மா. கடைசியில அவளத்தான் மேல ஏத்தப் போறேன்" என்றார். அன்று ஏணியின் காலை நான் பிடித்தேன். மேலே அந்தப் பூவை அவர் எவ்வளவு அக்கறையாக விரித்து வைத்தார் என்பதை நான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னாராம். அவளும் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பு போதும் என்று அவர் நினைத்துவிட்டார். நட்சத்திரத்தை நம்பி ஒருத்தி இருக்கிறாள் என்பது, அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மனுஷனுக்கே தோன்றவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்?

பண்டிகைக்கு முந்தின நாள் பிற்பகல் பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து போன் வந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்த் திரும்புவதற்குள் அக்காவைக் காணவில்லை. அண்ணன் வீட்டுக்கு ஓடவில்லை. அவள் இங்கேதான் வருவாள் என்று மரத்தடிக்கு ஓடினார். அங்கே அவள் இல்லை. நான் பில் மிஷினை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். வரிசையில் நின்றவர்கள் கத்தியது என் காதில் ஏறவில்லை.

வாசலில் புதிதாகச் சேர்ந்திருந்த காவலாளி ஒருவர் இருந்தார். அவருக்கு அக்காவைத் தெரியாது. அடையாளம் சொன்னதும், அப்படி ஒரு அம்மா வந்தார்களே என்றார். உள்ளே வந்து மரத்தை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்களாம். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்களாம். பிறகு அவரிடம் வந்து, நட்சத்திரம் வைத்த கடை ஒன்று இங்கே இருந்ததே, எங்கே என்று கேட்டார்களாம். இது அது இல்லை போலிருக்கிறது, அந்தப் பக்கம் தேடிப் பாருங்கள் என்று அவரும் மரியாதையாகக் கை காட்டி அனுப்பியிருக்கிறார். பாதி ஆயுளை அவள் கழித்த கடையின் வாசலிலிருந்து.

அண்ணன் திரும்பி மரத்தின் உச்சியைப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "நான்தானே வெச்சேன்" என்றார். காவலாளி காட்டிய பக்கம் நடந்தார். நானும் கூடவே ஓடினேன்.

தெருத் தெருவாகத் தேடினோம். அண்ணன் மனிதர்களைப் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு பேக்கரியில் தேவதை. ஒரு வங்கியில் மொட்டை மரம். பல் டாக்டர் வாசலில் நட்சத்திரம் இருந்தது, கீழே யாரும் இல்லை. பேருந்து எதிலாவது ஏறியிருப்பாளோ என்று கேட்க வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். குளிர் வேறு. அவள் ஸ்வெட்டர்கூடப் போடாமல் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டம்மா சொல்லியிருந்தாள்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் கண்டுபிடித்தோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஹார்டுவேர் கடை. வாசலில் பெயின்ட் டப்பா, குழாய், விற்பனைக்குச் சாத்தி வைத்த ஏணிகள். அவற்றுக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு நோஞ்சான் மரம், அதன் உச்சியில் தகர நட்சத்திரம். அதன் கீழே அக்கா விறைத்துப்போய் நின்றிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கடைக்காரர் ஒரு கோணிச் சாக்கை அவள் தோளில் போர்த்தியிருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் அந்த அம்மா அசையமாட்டேன் என்கிறார்கள் என்றார்.

அண்ணன் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தார். "வந்துட்டேன்மா. வா, வீட்டுக்குப் போலாம்."

அக்கா கையை உதறினாள்.

"யாருங்க நீங்க? கைய விடுங்க. எங்க வீட்டுக்காரர் இங்கதான் நிக்கச் சொல்லியிருக்காரு. யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

அவர் கெஞ்சினார். நான் யார் தெரியுமா அக்கா என்று நானும் கேட்டேன். அவள் எங்கள் இருவரையும் ஒரே மாதிரிதான் பார்த்தாள். ஆள் கூடிவிட்டது. ஒருவர் அண்ணனின் சட்டையைப் பிடித்து, யாருய்யா நீ, அந்தம்மாதான் தெரியாதுங்கிறாங்களே என்றார். அவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அவர் செய்தது சரிதான். அண்ணன் சுவரில் சாத்தியிருந்த ஏணிகளில் ஒன்றை எடுத்து இடது தோளில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை போனார். அங்கே திரும்பி, வேலை முடிந்து வருகிறவர் மாதிரி நிதானமாக நடந்து வந்தார்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "ஏன் இவ்வளவு நேரம்? கால் வலிக்குது" என்றாள். சாக்கைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஏணியின் பின் முனையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் அவர், பின்னால் அவள், நடுவில் ஏணி. அப்படியே வீடு வரை நடந்தார்கள். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். வாசலில் அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "என்னத் தெரியலம்மா. ஏணியத்தான் தெரியுது."

பண்டிகை முடிந்து வேலைக்குப் போனதும் மேனேஜரைப் பிடித்து என் வேலை போனாலும் பரவாயில்லை என்று கொட்டித் தீர்த்தேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பழம் வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனார். ரிப்பன் மட்டும் சீசன் முடியும் வரை உச்சியிலேயே இருந்தது.

ஹார்டுவேர் கடைக்காரர் ஏணியைத் திருப்பிக் கேட்கவில்லை. அண்ணன் அதை மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார். தினமும் வேலை முடிந்து வந்ததும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி மணி அடிப்பார். குறுகலான படிக்கட்டில் அது இடிக்காமல் திருப்ப அவருக்கு மூச்சு வாங்கும். கதவு திறந்ததும் அக்கா ஏன் இவ்வளவு நேரம் என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த வயதில் மூன்று மாடி சுமந்தார். கடையில் யாரும் இதைச் சொல்லி அவரைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் நான் விட்டிருக்கவும் மாட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நானும் அவரோடு போனேன். ஏணியின் பின் முனையை நான் தாங்கிக்கொண்டேன். அண்ணன் மணி அடித்தார். அக்கா கதவைத் திறந்தாள், ஏணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் அந்த வார்த்தைக்காகக் காத்து நின்றார்.

"ஏணியா? அந்த ஓரமா சாத்தி வெச்சுட்டுப் போங்க" என்றாள் அக்கா, ரொம்ப மரியாதையாக. "அவர் வந்ததும் சொல்றேன்."