சாய்ந்த நிலத்தில் நின்ற கன்று

செவ்வாய்க்கிழமை பூகோளப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பாடசாலைக் காவலாளர் கதவருகில் வந்து நின்றார். "செசிலி அக்கா போயிட்டாங்களாம், டீச்சர். கட்டுக்கலையிலிருந்து ஆள் வந்திருக்கு" என்றார். நான் தலையை அசைத்துவிட்டுப் பலகையில் பாதியில் நின்ற ஆற்றின் பெயரை எழுதி முடித்தேன். அதற்குப் பிறகுதான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவரைக் கம்பளைச் சந்தையில் கண்டிருப்பீர்கள். கணவர் இறந்த பின் அவருடைய தொழிலைத் தாமே எடுத்து நடத்தியவர். இறைச்சிக்கு வளர்க்கத் தக்க கன்றுகளைத் தோட்டந்தோட்டமாகப் பார்த்து வாங்கி, வளர்ப்பவர்களுக்குக் கொடுப்பார். வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்த எனக்குக் கட்டுக்கலையில் அவர் வீட்டில்தான் அறை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் நான். நாலு பேர் முன்னால் பேச மட்டும் வராது. "பட்டம் வாங்கின வாய், சோறு திங்க மட்டுந்தான் திறக்குது" என்று மேசையில் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை.

சந்தையில் அவர் கன்றின் முகத்தைப் பார்க்கமாட்டார். நேரே பின்பக்கம் போய் நின்றுவிடுவார். இடுப்பு அகலமா, பின்கால்கள் நேராக ஊன்றி நிற்கின்றனவா, முழங்காலுக்குக் கீழே எலும்பு தடிப்பா என்று பார்ப்பார். விலாவில் தோலைக் கிள்ளி இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை, அண்ணன் முறையில் எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் வியாபாரி வயிறு புடைத்த கன்றொன்றைக் கொண்டுவந்து நல்ல வளர்த்தி என்று புகழ்ந்துகொண்டிருந்தார்.

"நானா, காலையில புண்ணாக்குத் தண்ணி எத்தனை வாளி விட்டீங்க?" என்று கேட்டார் செசிலி அக்கா.

"மெதுவாப் பேசுங்க அக்கா, கன்னுக்குட்டிக்குக் கேட்டுறப் போகுது."

"கேட்டா அதுவே ஒத்துக்கும். வயித்தையா வெட்டிக் கொடுக்கப் போறீங்க? பின்னால வந்து நின்னு பாருங்க, தொடையில கைப்பிடி சதை இல்ல."

சுற்றி நின்றவர்களோடு அந்த வியாபாரியும் சிரித்துவிட்டார்.

எல்லாவற்றையும்விட அவர் பெரிதாக மதித்த அடையாளம் ஒன்று உண்டு. "இடுப்பு தோளைவிட உசந்து நின்னா, இன்னும் வளர இடமிருக்கு. ரெண்டும் சமமாயிட்டா அது வளந்தது அவ்வளவுதான்" என்பார். அதைப் பார்க்கக் கன்று மட்டமான தரையில் நிற்கவேண்டும். நம்முடைய மலைகளில் அப்படித் தரை எங்கே இருக்கிறது? அதனால் கன்றுகளை மாதா கோயில் முற்றத்துக்குப் பிடித்து வருவார். பங்குச் சுவாமி வெளியே வந்து, "செசிலி, இது கோயிலா, மாட்டுச் சந்தையா?" என்று சத்தம் போடுவார். "மட்டமான இடத்தையெல்லாம் ஆண்டவருக்குக் கொடுத்துட்டாங்களே சுவாமி, நான் வேறெங்க போக?" என்பார் அக்கா. சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவார். முற்றத்தைக் கழுவிவிட்டுத்தான் அக்கா வீடு திரும்புவார்.

தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், பன்விலைப் பக்கத்திலிருந்து அருளப்பன் என்ற தொழிலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய குடும்பத்தையும் அனுப்புவதாக இருந்தது. தோட்டத்து மந்தைக்குப் பொலிகாளையாக ஒரு கன்றை வளர்க்க, தோட்டத்தை நடத்திய துரை விரும்பினார். இரண்டு கன்றுகளில் ஒன்றை அருளப்பனே தெரிந்தெடுத்து வளர்க்கலாம், மற்றதை விற்றுவிடுவார்கள். வளர்த்தது நன்றாக வந்தால் அவருக்கு மாட்டுப்பட்டி வேலை, வராவிட்டால் கப்பல்தான்.

எதை எடுப்பதென்று பார்த்துச் சொல்ல அக்கா புறப்பட்டார்; பாஸ்குத் திருநாள் (ஈஸ்டர்) விடுமுறையாக இருந்ததால் நானும் கூடப் போனேன். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் கீழே சரிவில் கன்றுகளைக் கட்டியிருந்தார்கள். பழுப்புக் கன்று பள்ளத்தைப் பார்த்து நின்றது, கறுப்பு மேட்டைப் பார்த்து. அங்கே மட்டமான இடம் தோட்டக் கோயிலின் முற்றம் ஒன்றுதான். அதில் திருநாள் பந்தல் போட்டிருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில பந்தலைப் பிரிச்சிருவாங்க. ஒரு ராத்திரி தங்கிப் பாத்துட்டுப் போங்களேன் அக்கா" என்றாள் அருளப்பனின் மனைவி பிலோமினா.

"மலையில பொறந்தவளுக்குச் சரிவைக் கழிச்சுப் பாக்கத் தெரியாதா?" என்று அக்கா சிரித்தார். பின்னால் நின்று பார்த்தார். பழுப்புக் கன்றின் இடுப்பு தோளைவிட நன்றாக உயர்ந்து தெரிந்தது. "இது வளரும்" என்றார். பிலோமினா அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பழுப்பு வளரவில்லை. அருளப்பன் புல்லும் கஞ்சியும் குறையாமல் கொடுத்தும் அது குட்டையாகவே நின்றது. சரிவு உயர்த்திக் காட்டிய இடுப்பு உண்மையில் தோளோடு சமமாகவே இருந்திருக்கிறது. கடைசியில் துரை அதை இறைச்சிக்கு அனுப்பிவிட்டார். கறுப்பைக் கம்பளை வண்டிக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். மறு வருஷம் சந்தையில் அது பெருத்து நின்றதைக் கண்டதும் அக்கா அதன் பின்னால் போய் நின்றார். யார் கூப்பிட்டும் நகரவில்லை. அன்று ஒரு கன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தார்.

அருளப்பன் குடும்பம் போன அன்று கண்டி ஸ்டேஷனுக்கு அக்காவோடு போனேன். "காலம் சரியில்ல அக்கா, கன்னுக்குட்டி என்ன பண்ணும்?" என்றார் அருளப்பன். "கன்னுக்குட்டி ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணினேன்" என்றார் அக்கா. பிலோமினா சின்னவனை இடுப்பில் வைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ரயில் அசைகிறபோதுதான் பேசினாள்: "ஒரு ராத்திரி தங்கியிருக்கலாம், அக்கா." அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு யார் கன்று பார்க்கக் கூப்பிட்டாலும் முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பார்த்தார். "இதையெல்லாம் சொன்னா யாவாரம் நடக்குமா?" என்று கேட்டவர்களுக்கு, "என் கண்ணை நம்புறதா வேண்டாமான்னு அவங்களுக்குத் தெரியணுமில்ல?" என்பார். இந்தியாவிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அருளப்பனை விசாரித்தார். திருச்சிப் பக்கம் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. யாரும் கண்டதாகச் சொல்லவில்லை.

அக்கா படுக்கையில் விழுந்த பின் ஒரு மாலை, கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "பிள்ள, அருளப்பனோட மூத்தவன் இப்ப உன் உசரம் வந்திருப்பானா?" என்று கேட்டார்.

"வந்திருப்பான் அக்கா. நல்லா வளர்ந்திருப்பான்" என்றேன்.

என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "பாக்காம எப்படிச் சொல்ற?" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அவரை அடக்கம் செய்த அன்று, "நிம்மதியாப் போயிட்டாங்க" என்று பலர் சொன்னார்கள். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.