ஜோடியில்லாத குழாய்கள்

கஜபதியின் அப்பா நெல் அறுத்த நிலத்தில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு தெரு இப்போது ஓடுகிறது. அதே தெருவில், ஆஸ்பத்திரிகளுக்குக் கண்ணாடி சிரிஞ்சு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கஜபதி கணக்கராக இருந்தார். டீயில் சர்க்கரை குறைந்தால் கத்துவார். ரயில் தாமதமானால் கத்துவார். தினமும் கேட்கிற சத்தத்தை யாரும் காதில் வாங்குவதில்லை. அது அவருக்கும் வசதியாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

அவருடைய உண்மையான கோபம் வேறு. அதை அவர் கத்தவில்லை.

ஒவ்வொரு வருடமும் மார்ச் முடிந்ததும் கம்பெனியிலிருந்து, கடன் கொடுத்திருந்த பாங்குக்கு ஒரு கணக்குப் போகும். ரொக்கம், ஆஸ்பத்திரிகள் தரவேண்டிய பாக்கி, கிடங்குச் சரக்கு என்று ஒரு வருடத்துக்குள் பணமாகக்கூடியவை ஒரு பக்கம். அதே ஒரு வருடத்துக்குள் கொடுத்துத் தீர்க்கவேண்டிய கடன்கள் மறு பக்கம். முன்னதைப் பின்னதால் வகுத்தால், ஒரு ரூபாய் கடனுக்கு எதிரே எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். அறுபத்தொன்பதில் அது ஒன்றேகால் ரூபாய். பிறகு வருடாவருடம் ஏறி, எழுபத்துமூன்றில் இரண்டு ரூபாயைத் தொட்டது. முதலாளி செங்கல்வராயன் அதைப் பெரிய எழுத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்.

ஏறியது கிடங்குச் சரக்கு மட்டும்தான். கண்ணாடி சிரிஞ்சின் குழாயையும் அதற்குள் போகும் தண்டையும் ஒன்றோடொன்று வைத்துத்தான் தேய்ப்பார்கள். தேய்த்து முடித்ததும் இரண்டிலும் ஒரே நம்பரைக் கீறுவார்கள். ஒன்றின் தண்டு இன்னொன்றின் குழாய்க்குச் சேராது. தண்டு உடைந்தால் குழாயும் வீண். வேறு தண்டு போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள். குழாய் விரிசல் விட்டது. அப்படி மிஞ்சிய குழாய்கள் கூடை கூடையாகக் கிடங்கில் சேர்ந்தன. மார்ச் மாதக் கணக்கெடுப்பில் முதலாளி குழாய்களை மட்டும் எண்ணச் சொல்வார்.

“தண்டு ஒடஞ்சா இன்னா? குழாய் முழுசாத்தானே கீது? சிரிஞ்சுன்னு எழுது.”

“இத்த எவனும் வாங்கமாட்டான் சார்.”

“வருசாவருசம் ஆடிட்டரே கையெழுத்து போடறாரு. ஒனுக்கு இன்னாய்யா வயித்தெரிச்சல்?”

கஜபதி எழுதினார். பிறகு தன் மேஜையில் கிடங்குச் சரக்கை அடியோடு நீக்கிவிட்டு மறுபடி வகுத்துப் பார்ப்பார். தொண்ணூறு பைசாவில் தொடங்கிய அந்தக் கணக்கு முப்பத்தைந்து பைசாவுக்கு இறங்கியிருந்தது. ஒரு எண் ஏறுவதையும் மற்றது இறங்குவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்.

அந்தத் தீபாவளிக்கு முன்னால் போர்டில் இன்னொரு தாள் ஏறியது. போனஸை வாங்கிக்கொள்ளாமல் கம்பெனியிலேயே டெபாசிட் வைத்தால் நல்ல வட்டி. கையிலிருக்கும் சேமிப்பையும் போடலாம். கண்ணாடி தேய்க்கும் பிரிவில் இருந்த தாட்சாயிணி மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் வந்தாள்.

“கணக்கு அண்ணாத்தே, ஒரு ரூபா கடனுக்கு ரெண்டு ரூபா கீதுன்னு போட்டுகீறாங்களே, நெசந்தானா? பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருக்கிற துட்டையும் சேத்துக் குடுத்துடலாம்னு பாக்கறேன்.”

“குடுக்காதே. கெடங்குல கீற வெறுங்குழாயெல்லாம் சிரிஞ்சுன்னு கணக்குல ஏத்திகீறாங்க.”

அவள் சிரித்துவிட்டாள். “தண்டு இல்லாத குழாயா? அத்த வெச்சு ஊசி போடறதா, பீப்பீ ஊதறதா?”

“சிரிக்காதே. சரக்க எடுத்துட்டா முப்பத்தஞ்சு பைசாதான் கீது. வருசாவருசம் எறங்கிகினே வருது. நாலு வருசமா பாத்துகினு கீறேன்.”

சிரிப்பு நின்றது. “நாலு வருசமாவா? யாராண்ட சொன்னே?”

“மொதலாளியாண்ட.”

“செஞ்சவனாண்டயே போய் சொன்னியா? டீயில சக்கரை இல்லன்னா எஸ்டேட்டே கேக்குற மாரி கத்தறியே, எங்களாண்ட வந்து இத்தச் சொல்ல வாய் இல்ல? நான் வந்து கேக்காங்காட்டி இன்னா பண்ணிருப்பே? டெபாசிட்டுக்கு ரசீது எழுதிக் குடுத்திருப்பே!”

சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டு போய்விட்டாள். எழுதிக் கொடுத்திருப்பார்தான். அது அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்; அன்று மாலை அவர் ரயிலுக்குப் போகவில்லை. ஐந்து வருடத்துக்கும் இரண்டு எண்களையும் எதிரெதிரே தட்டச்சு செய்து, முதலாளியின் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். கீழே ஒரு கூடை வெறுங்குழாய்களை வைத்தார். ‘இதுதான் அந்தச் சரக்கு’ என்று ஒரு துண்டுத்தாள்.

காலையில் வந்த பெண்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கூடையிலிருந்த நம்பர்களைக் கீறியதே அவர்கள் கைகள்தான்.

“சோறு போட்ட ஊட்டுக்கே கொள்ளி வெக்கிறியாடா?” என்று செங்கல்வராயன் தாளைக் கிழித்தார்.

“கொள்ளி வெச்சது நீங்க. நான் பொகையக் காட்டினேன். நாலு வருசம் கயிச்சு காட்டினேன், அதான் என் தப்பு” என்றார் கஜபதி. அன்றே வேலை போயிற்று.

டெபாசிட்டில் யாரும் பணம் போடவில்லை. சட்டப்படி போனஸைக் கொடுத்தே தீரவேண்டியிருந்தது. முதலாளி காரை விற்றுக் கொடுத்தார். கண்ணாடி அனுப்பியவருக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை; கண்ணாடி வருவது நின்றது. பொங்கலுக்குள் கேட் பூட்டப்பட்டது. இரண்டு ரூபாய்க் கம்பெனியின் கிடங்கை, கடைசியில் உடைந்த கண்ணாடி வாங்குகிறவன் எடைக்கு எடுத்துப் போனான்.

கஜபதியை நான் புகழமாட்டேன். சரியான எண் தெரிந்தவனுக்கு அதை உரியவர்களிடம் கொண்டுபோகும் கடமை உண்டு. தனியே கோபப்பட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடுவதில்லை. ஆனால் கணக்கில் அவர் போட்ட கையெழுத்தை நம்பித்தான் பாங்கு கடன் கொடுத்ததென்று வசைபாடியவர்கள், ஆடிட்டரின் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆடிட்டர் இன்னும் பாங்கு வாசலில் கும்பிடு வாங்கிக்கொண்டிருந்தார். கஜபதி பக்கத்து ஊரான பாடியில் ஒரு லாரி ஆபீசில் பில் எழுதப் போனார்.

அடுத்த வருடம் தாட்சாயிணியின் மகள் கல்யாணம் திருமுல்லைவாயிலில் நடந்தது. கஜபதியையும் கூப்பிட்டிருந்தாள். பந்தியில், கம்பெனி மூடியதில் வேலையிழந்த பஞ்சவர்ணம் எதிர் வரிசையிலிருந்து சத்தமாகச் சொன்னாள்: “எங்க பொயப்பத் துன்னுட்டு இங்க சோறு துன்ன வந்துட்டாரு பாரு.”

கஜபதி இலையை விட்டு எழுந்தார். தாட்சாயிணி தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“ஒக்காரு அண்ணாத்தே. அவ கோவம் நாயந்தான். எனுக்கும் ஒன் மேல கோவம் தீரல. ஆனா இது நீ சொன்னதால மிஞ்சின துட்டுல போட்ட சோறு. துன்னுட்டுப் போ.”

பாயசத்தில் சர்க்கரை குறைவு. கஜபதி ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.