பனச்சமூட்டு லிஜியும் ஒரு டீசல் டாங்கும்

அடுத்த அறையிலிருந்து வந்துகொண்டிருந்த சங்கிலிச் சத்தம் திடீரென்று மந்தமாகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்த சத்தியராஜ் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். பார்வையில்லாத முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உன்னிப்பாகக் கேட்டார்.

"அண்ணே, உங்க டாங்குக்குள்ள என்னவோ ஒட்டிக் கிடக்குது."

எதிரே நாற்காலியில் இருந்த சதாசிவன் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். "துருவாக்கும். முப்பது வருசத்து டிராக்டரில்லியா. வேற என்ன இருக்கப் போவுது?"

பனச்சமூடு சந்தைக்குப் பின்னால், முன்பாதி வீடும் பின்பாதி தகரம் பற்றவைக்கும் பட்டறையுமாக இருக்கும் கட்டிடம் அது. பட்டறையில் சத்தியராஜின் மனைவி லிஜி, கூரைச் சட்டத்தில் இரண்டு கயிறு கட்டி, சதாசிவனின் டிராக்டர் டாங்கைத் தொட்டில்போல் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். டாங்குக்குள் ஒரு முழம் சங்கிலியும் இரண்டு பிடி சரளைக்கல்லும் கிடந்தன. ஆட்ட ஆட்ட அவை உள்ளே உருண்டு துருவை உதிர்க்கும். துரு போகப் போகச் சத்தம் கணீரென்று ஏறும். முழுக்கச் சுத்தமான டாங்கு கோயில் மணிபோல் ஒலிக்கும் என்பார் சத்தியராஜ். கண் போன பிறகு அவருடைய பங்கு கேட்பதுதான்.

அந்தக் கண் போன கதை மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோருக்கும் தெரியும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு லாரிக்காரன் ஓட்டை டாங்கோடு வந்தான். மூன்று தடவை கழுவியாகிவிட்டது, காய்ந்து கிடக்கிறது என்று சத்தியம் செய்தான். பாறசாலையில் பாரம் ஏற்றுகிற அவசரம் அவனுக்கு. சத்தியராஜ் அவன் வார்த்தையை நம்பி, ஓட்டையைப் பற்றவைக்கத் தீயைக் கொண்டுபோனார். கழுவவே கழுவாத அந்த டாங்கு வெடித்தது. முகத்துப் புண் ஆறு மாதத்தில் ஆறியது. கண்கள் திரும்பவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே லிஜி பட்டறையைத் திறந்தாள். அதுவரை அவள் கையில் பிடித்த மிகப் பெரிய இரும்பு தோசைக்கல்தான். கணவர் வாசலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் செய்தாள். "தீ நீலமாச்சா? இன்னும் கொஞ்சம் குறை. இப்பம் கம்பியக் காட்டு." வாளியில் தொடங்கி, குடத்துக்கு வந்து, ரேடியேட்டரைத் தாண்டி, இரண்டு வருடத்தில் டாங்கைத் தொட்டாள். முதல் டாங்கு வந்த அன்று மாமியார் தங்கபாய் காஸ் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்க மவனுக்க கண்ணு போச்சு. ஒனக்க கண்ணும் போணுமா, பிள்ள?"

"மாமி, அவருக்க கண்ண எடுத்தது தீ இல்ல. பொய்யாக்கும்," என்றாள் லிஜி.

அன்று அவள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினாள். டாங்கு கொண்டுவந்தவர், தீ வைக்கும்போது அந்த டாங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆளை அனுப்பக் கூடாது. பிடிக்க மாட்டேன் என்றால் டாங்கைத் திருப்பிக் கொண்டுபோகலாம். அந்த வழக்கம் வந்தபின் பாதிப் பேர் வாசலிலேயே, "ஒருக்கா கூடக் கழுவிரும்மா" என்று சொல்லத் தொடங்கினார்கள். சிரித்தவர்கள் உண்டு. வெடித்த டாங்கு பிறகு ஒன்றுகூட இல்லை.

சதாசிவனின் டாங்குச் சத்தம் மந்தமானதும் லிஜி கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"அண்ணே, இதுக்குள்ள என்னமும் ஒழிச்சீங்களா? எம்சீல், பெயின்ட், அப்பிடி என்னமும்?"

"இல்ல மக்கா."

"சத்தம் செரியில்ல, அதான் கேட்டேன்."

"துருவாக்கும்ணு சொன்னேன் இல்லியா. சாயங்காலத்துக்குள்ள ஆவுமா? நாளைக்குக் காலையில காரோட்டுல கருணாகரனுக்க வயல்ல உழவுக்கு எறங்கணும். நாலு பேரு காத்துக் கெடக்கான். மழை வேற வருது."

சதாசிவன் சொன்னது பாதி உண்மை. காரோடு கிராமத்தில் நாலு பேர் உழவுக்குக் காத்திருந்தது உண்மை. டாங்குக்குள் ஒன்றும் ஊற்றவில்லை என்பது பொய்.

அவருடைய ஊரான வெள்ளறடையில் ரப்பர் பற்றி என்ன சந்தேகம் என்றாலும் சதாசிவனைத்தான் கேட்பார்கள். பாலில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆசிட், அது எப்போது ஷீட்டாக உறையும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர். டாங்கின் அடியில் துருப்பிடித்து ஊசித் துளைகள் விழுந்தபோது அவருக்குத் தோன்றியது ஒரே வழிதான். ஒரு வாளி ரப்பர் பாலை உள்ளே ஊற்றி, ஆசிட் விட்டு, டாங்கை உருட்டி உருட்டி உள்சுவர் முழுக்க ஒரு தோல் படிய வைத்தார். இரண்டு நாள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மனைவி விஜயம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் டீசல் பட்டு ரப்பர் ஊறிப் பெருத்து, குழாயை அடைத்து, டிராக்டர் நடுவழியில் நின்றது. டீசலில் ரப்பர் நிற்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருடம் ரப்பரோடு வாழ்ந்தவர் அதை எப்படி வெளியே சொல்வார்? சொன்னால் வேலையும் ஒரு மாலையில் முடியாது, மூன்று நாள் பிடிக்கும்.

லிஜி இரண்டாம் தடவை கேட்கவில்லை. டாங்கைச் சோப்புத் தண்ணீரில் அலசி, டீசல் ஆவி நிற்க இடமில்லாமல் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துளைவிழுந்த அடிப்பாகம் மேலே வரும்படி மேசையில் கவிழ்த்து வைத்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள். தீயோடு செய்யும் வேலைக்கு முன்னால் அவள் எப்போதும் செய்வது அது. சத்தியராஜ் சங்கிலியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். வெளியே போகச் சொன்னால் போகமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, வாங்க. பிடிச்சுக்கிடுங்க."

சதாசிவன் வந்தார். இரண்டு கையாலும் பிடித்தார். தகரம் சில்லென்று இருந்தது. அவருடைய உள்ளங்கைக்குக் கீழே, அந்த ரப்பர் தோலுக்கும் தகரத்துக்கும் இடையில் டீசல் சிக்கியிருந்தது. உள்ளே எவ்வளவு தண்ணீர் நிறைத்தாலும் அது அந்த டீசலைத் தொடாது. இது அவருக்கு அந்த நிமிடத்தில்தான் முழுதாக உறைத்தது.

அவர் கண் தானாகச் சத்தியராஜின் முகத்துக்குப் போனது. இமையெல்லாம் சுருங்கி மூடிப்போன அந்த முகம். பிறகு லிஜியைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கப் போகிற அந்தப் பெண்ணின் இரண்டு கண்களும் தெளிவாக, அமைதியாக, அவரை நம்பிக்கொண்டிருந்தன. ஊரில் பெரிய மனிதர் என்ற பேரைக் காப்பாற்ற இந்த வீட்டில் மிச்சமிருக்கும் கண்களையும் எடுத்துக்கொள்வதா?

"பத்த வைக்கட்டா, அண்ணே?" என்று லிஜி தீக்குழலைக் கையில் எடுத்தாள்.

"பத்த வைக்காத, மக்கா."

அவள் குழலைக் கீழே வைத்தாள்.

"ரப்பர் பாலு ஒழிச்சேன். ஒரு வாளி. ஆசிட்டும் விட்டேன்."

சதாசிவன் மேசையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். அவர் கன்னத்தில் வடிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை. லிஜியின் முகம் வெளுத்திருந்தது. குழல் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவரைத் திட்டி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஏசு மக்கா. ரெண்டு வார்த்த ஏசு."

"எதுக்கு ஏசணும்? அண்ணன் சொல்லியாச்சே. அந்த லாரிக்காரன் சொல்லேல்ல."

சத்தியராஜ் மெல்லச் சிரித்தார். "ஆனா அண்ணே, டாங்குக்குள்ள ஷீட்டடிச்ச மொத ஆளு நீங்களாக்கும்."

லிஜி ஒரு வேலை சொன்னாள். காரோட்டுக்காரர்களிடம் நாளை வரமுடியாது என்பதை அவரே இப்போதே சொல்ல வேண்டும், காரணத்தோடு. சதாசிவன் கருணாகரனை ஃபோனில் கூப்பிட்டு ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மறுபக்கத்துச் சிரிப்பு சுவருக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

"ஓய், அத ரோலர்ல போட்டு ஒரு ஓட்டு ஓட்டினா, ஷீட்ட காய வச்சு வித்திரலாமே."

"நீ சிரி. மூணு நாளு பொறுப்பியா, மாட்டியா?"

"பொறுக்காம பின்ன? லிஜிக்க பட்டறையில இருந்து முழுசா வாறீரே, அது போதும்."

மூன்று நாளும் லிஜி அந்த டாங்கோடு மல்லுக்கட்டினாள். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தாள். ரப்பர் கொழகொழவென்று பெருத்துத் தகரத்தை விட்டுக் கழன்றது. வளைந்த கம்பியை மூடி வாய் வழியாக விட்டு, அவசரப்படாமல், கிழியக் கிழியப் பிடித்து இழுத்தாள். முழங்கை வரை நாறியது. வெந்நீரும் சலவைக் காரமும் விட்டு எட்டுத் தடவை கழுவினாள். மறுபடியும் சங்கிலியும் சரளையும் போட்டு ஆட்டினாள். சத்தியராஜ் தலையசைக்கும் வரை ஆட்டினாள். பிறகுதான் தண்ணீர் நிறைத்து, துருப்பிடித்து அரித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தாள். சதாசிவன் பக்கத்தில் நின்று பிடித்தார். காற்றடித்துச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட எழவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் டாங்கை வெளியே நின்ற ஆட்டோவில் ஏற்றிவிட்டுச் சதாசிவன் திரும்ப வாசலுக்கு வந்தார். சத்தியராஜின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒரு உபகாரம் செய்யணும்," என்றாள் லிஜி. "வெள்ளறடையில எல்லாரிட்டயும் இதச் சொல்லணும். நீங்களே சொன்னா, பின்ன வாறவன் எவனும் எங்கிட்ட ஒளிக்க மாட்டான்."

"எனக்க மானம் போவுமே, மக்கா."

"போவும்," என்றாள் அவள்.

சதாசிவன் கொஞ்சம் யோசித்தார். "செரி. இன்னைக்கு சாயங்காலமே சந்தையில சொல்லுதேன். மொதல்ல நம்ம விஜயம்மைட்ட. வாறேன்."

ஆட்டோ டாங்கோடு பனச்சமூட்டு முக்குத் திரும்பிப் போனது. மழை தூறத் தொடங்கியிருந்தது. லிஜி கதவைச் சாத்தினாள்.