சடையன் வீட்டுக்குப் போன தட்டு

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு வெளியே சிக்கந்தர் பாய் காருடன் நின்றிருந்தார். பேகம்பூர்க்காரர். அவருடைய அத்தா தோல் வியாபாரம் செய்தவர். அது படுத்துப்போன பிறகு பிள்ளை வாடகைக் கார் ஓட்டுகிறார். சாணார்பட்டிக்கு அப்பால் போய், மாலை வரை காத்திருந்து திரும்ப, டீசலோடு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று போனிலேயே பேசி முடித்திருந்தோம்.

நான் பார்க்க வந்தது சடையன் கோயில். சடையன் சாமியாவதற்கு முன்னால் கொள்ளைக்காரனாக இருந்தவன். வெள்ளைக்காரன் காலத்தில் மழை இல்லாமல் போன வருஷங்களில், நத்தம் சாலையில் போன தானிய வண்டிகளை மறித்து, மூட்டைகளைப் பசித்த வீடுகளின் வாசலில் இறக்கிவிட்டுப் போனவன் என்று கேள்விப்பட்டிருந்தேன். சிக்கந்தர் பாய்க்கும் அவனைத் தெரிந்திருந்தது.

“எங்க ஆளுக தோல் வண்டிய மட்டும் அவன் தொட்டதில்லன்னு அத்தா சொல்லுவாகக்கா. தோல யாரு திங்க முடியும்னு விட்டுட்டானாம்.”

நகரம் முடிந்ததும் வலப்பக்கம் சிறுமலை கூடவே வந்தது. மாந்தோப்புகள் பூத்திருந்தன, கண்ணாடியை இறக்கினால் அந்த வாடை தலையைக் கிறக்கியது. சாணார்பட்டியில் இட்லி சாப்பிட்டோம். பொட்டலமாகக் கட்டித்தந்த கனகாம்பரத்தை வாங்கிக்கொண்டு, பிரதான சாலையிலிருந்து இடப்பக்கம் பிரியும் மண்பாதையில் இறங்கினோம். அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

கோயில் என்றால் கோபுரம் எதுவும் இல்லை. புளியமரத்தடியில் இடுப்புயரக் கல், அதற்கு ஒரு தலைப்பாகை, பக்கத்தில் ஓர் அரிவாள். வருஷத்துக்கு ஒருமுறை வரும் மாசி வெள்ளிப் படையலுக்கு முந்நூறு நானூறு பேர் கூடியிருந்தார்கள். பூசாரி கருப்பணன், அறுபது வயதிருக்கும், உறுமிக்கு நடுவே சடையன் கதையைப் பாடினார். வண்டி மறித்தது, தானியம் இறக்கியது, ஊரே வாழ்த்தியது எல்லாம் வந்தன. கடைசியில் சடையன் இதே புளியந்தோப்பில் விடியற்காலையில் பிடிபட்டான். பிடித்துப் போனவர்கள் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பாட்டு அங்கே நின்றது.

அத்தனை பேருக்கு நல்லது செய்தவன் ஏன் தோப்பில் படுத்துக் கிடந்தான் என்று பூசாரியிடம் கேட்டேன். அதுக்கு மேல பாட்டு இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். பத்து நிமிஷம் கழித்து அவரே காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் வாழையிலை மூடிய தட்டு. நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு வரைக்கும் கொண்டுபோய் விட முடியுமா என்று தயங்கிக் கேட்டார். ஏறிக்கொள்ளச் சொன்னேன்.

வண்டியில்தான் மீதிக் கதை வந்தது. அன்று இரவு சடையன் காயத்தோடு ஊருக்குள் வந்திருக்கிறான். அவனுடைய மனைவியையும் கைப்பிள்ளையையும் போலீஸ் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. அவன் வீடு பூட்டிக் கிடந்தது. இடம் கொடுப்பவன் வீட்டைக் கொளுத்துவோம் என்று தமுக்கடித்திருந்தார்கள். அவன் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறான். தானியம் இறக்கிய அதே வாசல்கள்.

“ஒரு கதவும் தெறக்கல. எங்க வீட்டுக் கதவுந்தான்,” என்றார் கருப்பணன்.

பயந்த ஊர் பிறகு அவனைச் சாமியாக்கிக் கும்பிட்டது. விடுதலையான மனைவி பிள்ளையோடு பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு வருஷமும் படையலின் முதல் தட்டு அந்த வீட்டுக்குப் போகும். ஒவ்வொரு வருஷமும் திரும்பி வரும். கருப்பணன் காலத்தில் அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர் சடையனின் பேரன். முகம் பார்த்துக்கூடப் பேசமாட்டாராம். நாலு பேர் முன்னால் திரும்பி வருவது கூச்சமாக இருந்ததால் இரண்டு வருஷமாகக் கருப்பணன் போவதையே விட்டுவிட்டார். போன ஐப்பசியில் அந்தப் பெரியவர் இறந்துபோனார். மகள் பேச்சியம்மாள் மட்டும் இருக்கிறார். அவராவது வாங்குவாரா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

நாங்கள் போனபோது பேச்சியம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். பூசாரியைப் பார்த்ததும் கை நின்றது. எங்களை உட்காரச் சொன்னார். எனக்கும் சிக்கந்தர் பாய்க்கும் மோர் கொடுத்தார். கருப்பணனுக்கும் கொடுத்தார். அவர் குடிக்காமல் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“தாயி, அண்ணன் வந்திருக்கேன். இந்த வருசம் மறுக்காம வாங்கிக்க.”

பேச்சியம்மாள் புளியை ஓரமாக ஒதுக்கி வைத்தார். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

“போன மாசியில அப்பா படுக்கையில கெடந்தாக. வெள்ளிக்கெழமயா, தட்டு வந்துச்சான்னு கேட்டாக. வரலன்னேன். செத்த நேரங்கழிச்சு மறுக்கா கேட்டாக. வந்தா வாங்கி வையின்னாக.”

கருப்பணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் ஓடி வந்திருப்பேனே என்றார். காய்ச்சலில் ஏதோ உளறுகிறார் என்றுதான் நினைத்ததாகவும், வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்று சொன்னவர் வேண்டும் என்று கேட்பார் என எப்படி நம்புவது என்றும் பேச்சியம்மாள் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பார்க்க இன்னும் லேசாக இருந்திருக்கும்.

பிறகு பேச்சியம்மாள் எழுந்து, கையைக் கழுவி, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். இலையை விலக்கிப் பொங்கலை எங்களுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் பங்கு வைத்தார். தான் ஒரு வாய் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வெறும் தட்டைத் துலக்கித் துடைத்து, கொஞ்சம் புதுப்புளியை அதில் வைத்துக் கருப்பணனிடம் கொடுத்தார். ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பக் கூடாது என்ற வழக்கம்தான். அந்த மனிதர் அதை வாங்கித் தோள்துண்டில் சுற்றிக்கொண்டார்.

கிளம்பும்போது, அடுத்த வருஷம் கோயிலுக்கு வருவீர்களா என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

“தட்டு வந்தா வாங்கிக்கிருவேன். அந்த ஊருக்குள்ள போகமாட்டேன்மா. எங்க பூட்டன் தட்டுன வாசல்ல நா எப்பிடிக் கால் வைக்க?”

கருப்பணனுக்கு அது கேட்டிருக்கும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு கோயில் வரை வந்தார். இறங்கியவர் சிக்கந்தர் பாயின் தோளைத் தொட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவர் நிற்கவில்லை.

மாலை நாலரை மணிக்குத் திண்டுக்கல் திரும்பினோம். என் ஊரான கும்பகோணத்துக்குப் போக, திருச்சி பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

எங்கள் தெருக்கோடியிலும் இப்படி ஒரு சாமி இருக்கிறார். பழைய நாளில் பெரிய திருடராம். இப்போது களத்துக்கும் வீட்டுக்கும் காவல். பரீட்சைக்குப் போகும் முன்பும், வீடு பூட்டி வெளியூர் போகும் முன்பும் அவர் முன்னால் சூடம் கொளுத்தித்தான் வளர்ந்தேன். அவருக்கு மனைவி இருந்திருப்பாள், பிள்ளை இருந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் விசாரித்தேன். அவர் வழி வந்தவர்கள் யாரும் எங்கள் பக்கத்தில் இல்லையாம். எந்தக் காலத்தில் போனார்கள், எங்கே போனார்கள் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.