ஓர் இலத்திரன் குறைவாக

உயர்தர வகுப்பில் இரசாயனத்தைத் தமிழில் படிக்க மாத்தளையில் எங்கள் பாடசாலையில் மூன்று பேர்தான் இருந்தோம். முதல் வருட முடிவில் ஆசிரியருக்கு மாற்றல் வந்தது. பதிலுக்கு யாரும் வரவில்லை. மற்ற இருவரையும் வீட்டார் கண்டியில் சேர்த்துவிட்டார்கள். என்னை அனுப்ப அப்பாவுக்கு வழியில்லை. அவர் ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுப்பவர். நான் டவுனில் ஓர் அறையில் தங்கியிருந்தேன்.

இரசாயனப் பாடவேளை வந்தால் அலுவலகத்தில் சாவி வாங்கி ஆய்வுகூடத்தைத் திறப்பேன். முன் வாங்கு காலியாக இருந்தும் என் பழைய இடமான இரண்டாவது வாங்கிலேயே போய் உட்காருவேன். முதல் சில நாட்கள் மணியடித்ததும் எழுந்துகூட நின்றேன்.

அப்படித் தனியாகப் படித்தபோதுதான் அந்தக் கணக்கு வந்தது. நாகம் என்ற துத்தநாகமும் செம்பும் வைத்த மின்கலம். அதன் அழுத்தம் 1.1 வோல்ட். ஒரு மூல் நாகம் கரைவதால் பெறக்கூடிய உச்ச மின்வேலை எவ்வளவு? ஒரு மூல் இலத்திரன் சுமக்கும் மின்னேற்றமான 96,500 கூலோமை 1.1ஆல் பெருக்கினேன். 106,150 யூல் வந்தது. புத்தகத்தின் பின்பக்க விடை 212,300. பத்துத் தடவை செய்தும் சரியாகப் பாதிதான் வந்தது. கேட்க ஆளில்லை. அழுத்தத்தைப் பிழையாக அச்சடித்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

அளந்து பார்க்க ஆய்வுகூடத்தில் வேலைசெய்யும் மீற்றர் இல்லை. நாகத் தகடு, செம்புத் தகடு, இரண்டு கரைசல்கள், ஜாம் போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கடைவீதியில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் ரேடியோ திருத்துபவரிடம் போனேன். அவர் மேசையில் இடம் ஒதுக்கித் தந்தார். உப்புநீரில் நனைத்த தாளால் இரண்டு போத்தல்களையும் இணைத்ததும் மீற்றர் முள் ஒன்றுக்குச் சற்று மேலே போய் நின்றது. அவர் ஒரு டோர்ச் பல்பைத் தொடுத்துப் பார்த்தார். பல்பு எரியவில்லை, முள்ளும் விழுந்துவிட்டது.

“மெதுவா எடுத்தாத்தான் முழுசும் கெடைக்கும், தங்கச்சி. அவசரப்பட்டா உள்ளுக்கே வீணாப் போயிரும்” என்றார்.

உச்ச வேலை என்பதற்குப் புத்தகம் ஒரு பக்கம் முழுக்கச் சொன்னது அதைத்தான். ஆனால் அப்போது என் மனம் அதில் இல்லை. அழுத்தம் சரியென்றால் பிழை என்னுடையது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பிடிபட்டது. ஒரு நாக அணு இரண்டு இலத்திரன்களைக் கொடுக்கிறது. நான் ஒன்றைத்தான் எண்ணியிருந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். சுற்றிலும் அவ்வளவு சனம். யாரிடம் போய் இதைச் சொல்வது?

உயர்தரச் சோதனை மண்டபத்தில் இரசாயனத் தாளைத் தமிழில் எழுதியது நான் ஒருத்திதான். அதே மாதிரிக் கணக்கு ஒன்று வந்திருந்தது. வெளியே வந்ததும் மற்றப் பிள்ளைகள் கூடி நின்று சிங்களத்தில் விடைகளை ஒப்பிட்டார்கள். எனக்குச் சிங்களம் தெரியும், கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற சிங்களம். இலத்திரனுக்கு அதில் என்ன பெயர் என்று தெரியாது. ஓரமாக நின்ற ஒரு பிள்ளையிடம் வினாத்தாளை நீட்டி, மூலையில் நான் குறித்திருந்த விடையைக் காட்டினேன். அவளும் தன் தாளைத் திருப்பிக் காட்டினாள். இரண்டும் ஒன்றுதான்.

“ஹரி”, சரிதான் என்று தலையாட்டிச் சிரித்தாள். அதற்குள் கூட்டாளிமார் கூப்பிட, போய்விட்டாள்.

மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தேன். முடிவு வந்த கிழமை மலையில் பெருமழை, தோட்டத்துக்குப் பஸ் ஓடவில்லை. அப்பாவிடம் அதைச் சொல்ல நான்கு நாட்கள் காத்திருந்தேன்.