மேட்ச் இல்லாத நாளில் ஸ்டேடியம்

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், அது வேறு.

தாம்பரம் தாண்டி, எங்கள் காலனிக்குப் பின்னால் பெரிய ஸ்டேடியம் இருக்கிறது. மேட்ச் நடக்கிற கொஞ்ச நாளை விட்டால் வருஷம் முழுக்கப் பூட்டுதான். காலனிப் பெண்கள் நாங்கள் காலையில் தண்ணி லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி மெயின் ரோட்டில் நடப்போம். பக்கத்து வீட்டுக்காரியை பைக் இடித்துக் கால் முறிந்த பிறகு, உள்ளே நடக்க விடுங்கள் என்று மேனேஜரிடம் பலமுறை கேட்டோம். அவர் மசியவில்லை.

ஒருநாள் அவரே ஆள் அனுப்பினார். நாளைக் காலையில் எல்லாரும் நடக்க வரலாம், டிபன் உண்டு என்று. ஆளுக்கொரு பச்சை பனியன் கொடுத்தார்கள். புடவைமேலேயே மாட்டிக்கொண்டோம். உள்ளே கூரைக்கடியில் வட்டமாக, வழவழவென்று நடைபாதை. வெயில் இல்லை, நாய் இல்லை. எனக்கு ஒரே குஷி, முட்டி வலியே தெரியவில்லை. பொங்கலில் முந்திரி தாராளம். சாம்பார்தான் தண்ணி.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. இந்தக் கட்டடம் கரண்டும் தண்ணியும் எவ்வளவு இழுக்கிறது, ஊருக்கு என்ன பிரயோஜனம் என்று பார்த்து மார்க் போட ஒரு ஆபீசரம்மா வந்திருந்தாள். தினமும் வருவதாகச் சொல்லிவிடுங்கள் என்றார் மேனேஜர், காதோடு காதாக. சொன்னால் அவருக்கு மார்க். அப்புறம் நமக்குப் பழையபடி ரோடு.

கால் முறிந்தவள் என் இடுப்பைக் கிள்ளினாள். "யக்கா, வாயை வெச்சுகினு சும்மா இரு. பகைச்சுகினா கேட்டாண்டகூட விடமாட்டான்."

ஆபீசரம்மா நேரே என்னிடமே வந்தாள். "தினமும் வருவீங்களா, பாட்டி?"

"இன்னிக்குத்தாம்மா தொறந்தாங்க. தொறந்து வெச்சா தினமும் வருவோம். நீயே ஒருநாள் வந்து பாரேன்."

மேனேஜர் செருமினார். அவள் அவர் பக்கம் திரும்பி, நிதானமாகத்தான் சொன்னாள்.

"வரேன் சார். என்னிக்குன்னு சொல்லமாட்டேன். அப்புறம்தான் மார்க்."

மறுநாள் விடியற்காலையில் கேட் திறந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் திறக்கிறார்கள். டிபன் மட்டும் கிடையாது. பனியனை நான் துணி உலர்த்தும்போது கை துடைக்க வைத்திருக்கிறேன், நல்ல பருத்தி.

அந்த அம்மா இன்னும் வரவில்லை. வரக்கூடாது என்றுதான் நாங்களும் சாமியை வேண்டிக்கொள்கிறோம். பார்த்துவிட்டுப் போய்விட்டால் பூட்டிவிடுவார்களே.