தார் பூசிய தரை

வாப்பாவின் லாரியை நினைத்தாலே இன்றைக்கும் எனக்கு அலுப்பாக இருக்கிறது. உப்பும் கருவாடும் ஏற்றி ஏற்றி, கேபினின் அடித்தகடு துருவேறி, கிளச்சுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. உட்கார்ந்தபடியே ரோடு ஓடுவதைப் பார்க்கலாம். எனக்கு அது வேடிக்கை, வாப்பாவுக்கு வயிற்றெரிச்சல். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம் அது. எனக்கு எட்டு வயது.

ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தாயிற்று. இனித் துருப்பிடிக்காமல் காக்க வேண்டும். பெயிண்டுக் கடைக்காரர் தெளிவாகத்தான் சொல்லியனுப்பினார். "துருவ நல்லாச் சுரண்டிடுங்க. மொதல்ல செவப்பு பிரைமர். அது காஞ்சப்புறந்தான் பெயிண்டு." இரண்டு டப்பாக்களையும் வாப்பா வாங்கி வந்துவிட்டார். அதோடு காரியம் முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எந்தக் காரியம் அதோடு முடிந்தது?

வாப்பாவின் அண்ணன், அதாவது என் பெரிய வாப்பா, தோணியில் தண்டலாக இருந்து ஆட்களை அதட்டி வேலை வாங்கியவர். கண்ணில் புரை விழுந்ததும் கரையேறி எங்களோடு வந்து இருந்தார். என்ன மீன் வாங்கலாம் என்றுகூட அவரிடம் யாரும் கேட்பதில்லை. வாப்பாதான், பாவம், டப்பாவை நீட்டி, "நானா, இதப் பூசலாமா?" என்று கேட்டுவைத்தார். எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

பெரிய வாப்பா டப்பாவை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டார். "சாயம் பூசுறதுக்கு இது என்ன கல்யாண வூடா? தாரக் காய்ச்சி ஊத்து. கடல் தண்ணியே நொழையாது, கருவாட்டுத் தண்ணியா நொழையப் போவுது?"

தோணி மரம், லாரி இரும்பு என்று எனக்கே தெரிந்தது. வாப்பாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். "சரி நானா" என்றார். அன்று முழுக்கப் பெரிய வாப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பியை விரட்டு விரட்டென்று விரட்டினார். மத்தியானம் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்து வந்தது சித்திரை. வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து தாரை இளக்கிவிட்டன. வாப்பா செருப்பில்லாமல் ஓட்டுகிறவர். கியர் மாற்றும்போதெல்லாம் காலைத் தரையிலிருந்து பிய்த்தெடுக்க வேண்டும். திருநள்ளாற்று வளைவில் ஒருநாள் கால் ஒட்டிக்கொண்டு பிரேக்குக்கு வர மறுத்தது. எதிரே வந்த மாட்டுவண்டி மயிரிழையில் தப்பியது. உம்மா மண்ணெண்ணெய்த் துணியால் அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதாள். "நானாகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார் வாப்பா, கண்ணைத் திறக்காமலே.

சாயங்காலம் பெரிய வாப்பா வழக்கம்போலக் கேட்டார்.

"தரை எப்புடி இருக்கு?"

"தோணியாட்டம் இருக்கு நானா."

எனக்குப் பொறுக்கவில்லை. பொய் பேசுவது பாவம் என்று அந்த வாரம்தான் ஓதுகிற இடத்தில் பாடம். "பெரிய வாப்பா, வாப்பா பொய் சொல்றாங்க! தாரு உருகி வாப்பாவுக்குக் காலே ஒட்டிக்கிது. இன்னிக்கு வண்டியே மோதப் பாத்துச்சு!"

பெரிய வாப்பா எழுந்து வந்து, தம்பியின் காலைத் தூக்கி, பாதத்தை விரலால் தடவிப் பார்த்தார். விடிந்ததும் உளியோடு கேபினுக்குள் ஏறி, கையால் தடவித் தடவியே, இரண்டு நாளில் தார் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டார். பிறகு வாப்பா சிவப்புப் பிரைமர் அடித்தார், அது காய்ந்ததும் பெயிண்டு. லாரியை விற்கிறவரைக்கும் அந்தத் தரையில் துரு ஏறவில்லை.

பெரிய வாப்பா அதற்குப் பிறகு தரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பின்பலகைக்கு என்ன பூசலாம் நானா?" என்று வாப்பா வலியப் போய்க் கேட்டபோதும், "கடைக்காரனக் கேளு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. உண்மையைச் சொல்லித் தரையைக் காப்பாற்றியவள் நான்; அப்படியிருக்க, வாப்பா ஏன் ஒரு மாதம் என்னை லாரியில் ஏற்றவில்லை என்றுதான் அழுகை அழுகையாக வந்தது.